கோல்கொண்டும் நம் மொட்டை மாடிகளும்

புதுச்சேரியின் கட்டடங்களைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் நின்றுவிடுகிறார்கள். ஒன்று, பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன மஞ்சள் சுவர்கள். மற்றது, வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் பகுதியின் திண்ணைகள், முற்றங்கள். முன்னதைப் பற்றி எழுதும்போது ஓர் ஏக்கமும் பின்னதைப் பற்றி எழுதும்போது ஒரு பெருமிதமும் தாமாகவே வந்து வாக்கியங்களில் ஒட்டிக்கொள்கின்றன. இரண்டிலும் சேராத ஒரு கட்டடம் இதே ஊரில் எண்பது வருஷத்துக்கும் மேலாக நிற்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் தங்கும் விடுதி அது, பெயர் கோல்கொண்ட். இந்தியாவில் கம்பி கட்டிய கான்கிரீட்டில் எழுந்த முதல் நவீனக் கட்டடங்களில் ஒன்று என்று கட்டடக்கலைச் சரித்திரங்கள் அதைக் குறிப்பிடுகின்றன. முதலா, முதல்களில் ஒன்றா என்ற கணக்கில் எனக்கு அக்கறை இல்லை. எனக்கு அக்கறை வேறொன்றில். மின்விசிறியை நம்பாமல், இந்த ஊரின் வெயிலையும் வியர்வையையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, முழுக்க முழுக்கக் கான்கிரீட்டில் கட்டப்பட்ட கட்டடம் அது.

நான் இருப்பது கருவடிக்குப்பத்தில். எங்கள் தெருவில் இருப்பதும் கான்கிரீட் வீடுகள்தாம். அதே சிமென்ட், அதே கம்பி, அதே மணல். ஆனால் சித்திரை வைகாசியில் இரவு பத்து மணிக்குக் கூரைத் தளத்தின் அடிப்பக்கத்தைத் தொட்டுப்பார்த்தால் தோசைக்கல்லை அடுப்பிலிருந்து இறக்கிக் கொஞ்ச நேரம் ஆனது போல இருக்கும். ஒரே பொருள் சில கிலோமீட்டர் தூரத்துக்குள் நேர் எதிரான இரண்டு விளைவுகளைத் தந்திருக்கிறது. கோல்கொண்டிலிருந்து கான்கிரீட் மட்டும் ஊர் முழுக்கப் பரவி, அதன் சிந்தனை மதிலுக்குள்ளேயே நின்றுபோனது எப்படி என்பது கட்டடக்கலைக்காரர்கள் மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இல்லை. நவீனம் என்ற சொல்லைக் கவிதையிலும் விமர்சனத்திலும் இவ்வளவு காலமாகப் புழங்கிவரும் நமக்கும் அதில் பங்கு இருக்கிறது.

கோல்கொண்டின் கதை ஜப்பானில் தொடங்குகிறது. அந்தோனின் ரேமண்ட் 1888இல் பொஹீமியாவில் பிறந்தவர். அமெரிக்கா போய் ஃபிராங்க் லாயிட் ரைட்டிடம் வேலை செய்தார். டோக்கியோவில் ரைட் கட்டிய இம்பீரியல் ஹோட்டலுக்காக 1919 கடைசியில் ஜப்பான் வந்தார். குருவிடமிருந்து விலகி அங்கேயே தனி அலுவலகம் வைத்துக்கொண்டார். ஜப்பானியத் தச்சர்களிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டது அலங்காரத்தை அல்ல. சுவர் என்பது அசையாமல் நிற்க வேண்டியதில்லை, நகர்த்தலாம், திறக்கலாம், தோட்டமும் அறையும் ஒரே இடத்தின் இரு பாதிகள் என்ற புரிதலைத்தான் எடுத்துக்கொண்டார். புதுச்சேரி ஆசிரமத்தில் பவித்ர என்று பெயர் பெற்றிருந்த பிலிப் பார்பியே சேன்-திலேர் பிரெஞ்சுப் பொறியாளர். அவரும் இருபதுகளின் தொடக்கத்தில் ஜப்பானில் இருந்தவர். ஆசிரமத்தின் அன்னையும் முதல் உலகப்போர்க் காலத்தில் சில ஆண்டுகள் ஜப்பானில் இருந்தவர்தான். சாதகர்களுக்கு ஒரு விடுதி கட்ட வேண்டும் என்றபோது யோசனை டோக்கியோவுக்குப் போனது அதனால்தான். பணம் ஐதராபாத்திலிருந்து வந்தது. நிஜாமின் திவான் சர் அக்பர் ஹைதரி வழியாகக் கிடைத்த ஒரு லட்சம் ரூபாய் அது. நிஜாம் சீமையின் பழைய வைரக் கோட்டையின் பெயரைப் பிரெஞ்சு வாயில் போட்டால் கோல்கொண்ட்.

1935இல் ரேமண்ட் புதுச்சேரி வந்து இடம் பார்த்தார். 1937இல் வேலை தொடங்கியது. ரேமண்டின் அலுவலகத்திலிருந்து இருவர் வந்து தங்கினார்கள். ஒருவர் பிரான்டிசெக் சாமர். செக் நாட்டவர், பாரிஸில் லெ கொர்புஸியேயிடம் இருந்து, மாஸ்கோவுக்குப் போய், அங்கிருந்து டோக்கியோ சேர்ந்தவர். மற்றவர் ஜார்ஜ் நகாஷிமா. ஜப்பானியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்தவர், எம்.ஐ.டி.யில் படித்தவர். வேலை பார்க்க வந்த நகாஷிமா ஆசிரமத்தின் சாதகராகவே ஆகிவிட்டார். சுந்தரானந்தா என்று பெயர்கூடப் பெற்றார். 1939இல் இங்கிருந்து கிளம்பிய அவரைப் போர் வந்ததும் அமெரிக்க அரசு மற்ற ஜப்பானிய வம்சாவளியினரோடு சேர்த்து முகாமில் அடைத்தது. முகாமில் ஒரு ஜப்பானியத் தச்சரிடம் வேலை பழகி, பின்னாளில் மரச்சாமான் கலைஞராக உலகப் பெயர் பெற்றார். சாமர் 1942இல் போருக்குப் போனார். கட்டடம் போரின் நடுவே, நாற்பதுகளில், மெதுவாக முடிந்தது.

மெதுவாக என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். காண்டிராக்டர் கிடையாது. முடிக்க வேண்டிய தேதி கிடையாது. ஆசிரமவாசிகளே வேலையில் இறங்கினார்கள், கூலியாட்களும் இருந்தார்கள். கதவுக்கும் பலகைக்கும் வேண்டிய பித்தளை உறுப்புகளை வெளியிலிருந்து வாங்காமல் பழைய பாத்திரங்களை உருக்கி இங்கேயே வார்த்தார்கள். இதற்கென்று எழுந்த பட்டறைக்கு ஹார்பகான் என்று பெயர். மொலியேர் நாடகத்தில் வருகிற கஞ்சனின் பெயர் அது. ஒரு ஆசிரமத்துக்குள் இப்படி ஒரு நகைச்சுவை இருந்திருக்கிறது என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. கிளிஞ்சல் சுண்ணாம்பு கலந்து இழைத்த பூச்சு, மெருகேற்றிய கடப்பைக்கல் தரை, இழைத்து இழைத்துப் பொருத்திய தேக்குக் கதவுகள். கோல்கொண்டைப் புகழ்கிறவர்கள் எல்லோரும் இந்தக் கைத்திறனைப் புகழ்கிறார்கள். அதன் விலையைப் பற்றி அவர்கள் பேசுவதில்லை. பக்தியால் வந்த உழைப்புக்குக் கணக்கு எழுதப்படுவதில்லை. கணக்கு எழுதப்படாத உழைப்பால் எழுந்த ஒன்றை மற்றவர்களுக்கு மாதிரியாகக் காட்டுவது கொஞ்சம் அநியாயம். ஆனால் கைத்திறனை அப்புறப்படுத்திவிட்டுப் பார்த்தாலும் கட்டடத்தில் ஒன்று மிஞ்சுகிறது. அது விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. அதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

புதுச்சேரி வட அட்சரேகை 12 டிகிரிக்கு ஒரு மயிரிழை கீழே இருக்கிறது. சித்திரை பிறந்து சில நாட்களில் உச்சிவெயில் நேர் தலைக்கு மேல் வந்து, பிறகு ஆவணி தொடங்கும்வரை சற்று வடக்கே சாய்ந்து நிற்கும். மார்கழியில் அதிகபட்சம் தெற்கே சாயும்போதும் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 55 டிகிரி உயரத்தில்தான் இருக்கிறது. ஆகையால் தெற்கு வடக்குச் சுவர்களுக்கு நண்பகல் வெயில் ஒரு பெரிய எதிரி இல்லை. நீட்டிய ஒரு சின்னப் பலகை போதும், நிழல் விழுந்துவிடும். காலை ஒன்பது மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் தாழ்வாக வந்து முகத்தில் அறைகிற வெயிலைத்தான் தடுக்க முடியாது. அது கிழக்கு மேற்குச் சுவர்களின் தலையெழுத்து. கோல்கொண்ட் இந்தக் கணக்கை அப்படியே கல்லில் எழுதிவைத்தது போல நிற்கிறது. கிழக்கு மேற்காக நீண்ட ஒடிசலான உடம்பு. குறுகிய இரு முனைகளும் அனேகமாக மூடிய சுவர். வடக்கே நடை, தெற்கே அறைகள்; ஒரு அறை ஆழம்தான், அதற்குமேல் இல்லை. அறைக்குள் வந்த காற்று மறுபக்கம் போக எந்தச் சுவரும் வழிமறிப்பதில்லை.

அந்தத் தெற்கு வடக்கு முகங்களில் ஜன்னல் என்று எதுவும் கிடையாது. கண்ணாடி கிடையாது. தரையிலிருந்து மேல் தளம்வரை படுக்கை வாக்கில் அடுக்கிய பலகைகள். ஆஸ்பெஸ்டாஸ் சிமென்டால் ஆனவை, கையால் திருப்பக்கூடியவை. திறந்தால் சுவரே இல்லை. மூடினால் மழை உள்ளே வராது. பாதி சாய்த்தால் வெளிச்சம் கூரையில் பட்டுத் தெறித்து மெல்ல உள்ளே இறங்கும். அறைக்கும் நடைக்கும் இடையே தேக்குச் சட்டங்களால் பின்னிய நகரும் கதவு. அதைச் சாத்தினாலும் காற்று போகும், பார்வை போகாது. பொது இடத்தில் தனிமை வேண்டும், தனிமையில் புழுக்கம் கூடாது என்ற இரண்டையும் ஒரே கதவு செய்கிறது. மேலே கூரை இரண்டு. கீழே சமதளமான கான்கிரீட் தளம். அதற்கு மேல் இடைவெளி விட்டு, முன்கூட்டியே வார்த்த மெல்லிய வளைந்த கான்கிரீட் ஓடுகள் வரிசையாக. வெயில் மேல் ஓட்டைச் சுடுகிறது. நடுவிலுள்ள காற்று சூட்டை ஏந்திக்கொண்டு வெளியேறுகிறது. கீழ்த்தளத்துக்கு வெயில் தெரியாது. இரு பக்கமும் தோட்டம்.

தோட்டத்தை நான் கடைசியில் சொன்னேன். உண்மையில் அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் வைத்த மொழி நம்முடையது. தெற்கே தென்றல், வடக்கே வாடை, கிழக்கே கொண்டல், மேற்கே கோடை. இந்த நான்கில் எது எந்த மாதத்தில் எந்த நேரத்தில் வரும் என்று கடற்கரைக்காரனுக்குத் தெரியும். ஆனால் காற்று வந்து நிற்க ஒரு வெற்றிடம் வேண்டும். அது ஒரு மர நிழலைத் தாண்டி வந்தால் ஒரு மாதிரி இருக்கும், எதிர்வீட்டுச் சுவரைத் தாண்டி வந்தால் வேறு மாதிரி இருக்கும். கோல்கொண்டின் மனையில் கட்டடம் பிடித்திருக்கும் இடத்தைவிட அது விட்டுக்கொடுத்திருக்கும் இடம்தான் கட்டடத்தை வேலை செய்ய வைக்கிறது. வெற்று நிலமும் கட்டடத்தின் ஓர் உறுப்பு.

இன்னொன்று. ஈரப்பதம் மிகுந்த கடற்கரையில் வெப்பமானியில் இரண்டு டிகிரி குறைவதைவிட, தோலின் மேல் காற்று நகர்வது முக்கியம். ராஜஸ்தானத்தில் கனத்த மண்சுவர் பகலில் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு இரவுக் குளிரில் கொட்டிவிடும். இங்கே இரவு அவ்வளவு குளிர்வதில்லை. வாங்கிய சூட்டைக் கொட்ட இடமில்லாத கனத்த சுவர், கடன் வாங்கித் திருப்பித் தராதவன் போல வீட்டுக்குள்ளேயே நடமாடும். இப்போதெல்லாம் மண்வீடு என்றதும் உருகுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. ஆரோவில்லில் 1989இல் தொடங்கிய மண் கட்டடப் பணிகள், அழுத்தி வார்த்த மண்கல்லால் எழுந்த அங்கத்திய வருகையாளர் மையம் எல்லாம் மதிக்கத் தக்கவை. ஆனால் மண்கல்லின் பெரிய லாபம் குளிர்ச்சியில் இல்லை. அதைச் சூளையில் சுட வேண்டாம், நெருப்பும் விறகும் மிச்சம் என்பதில் இருக்கிறது. உலகம் வெளிவிடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய 7, 8 சதவீதம் சிமென்ட் செய்வதிலிருந்து வருகிறது என்கிறபோது அது சின்ன லாபம் அல்ல. குளிர்ச்சி என்பது வேறு விவகாரம். அது திசையும் நிழலும் திறப்பும் சம்பந்தப்பட்டது. அந்த வகையில் கோல்கொண்ட் கான்கிரீட்டாக இருந்தும் நம் கடற்கரைக்கு மண்சுவரைவிடப் பொருத்தமாக இருக்கிறது.

இனி திண்ணைப் பெருமிதத்துக்கு வருவோம். வைசியர் தெருவிலும் அதைச் சுற்றியுள்ள தெருக்களிலும் எஞ்சி நிற்கும் தமிழ் வீடுகளில் அறிவு இருக்கிறது, மறுக்க மாட்டேன். தெருவோரத் தாழ்வாரம் சுவருக்கும் நடப்பவனுக்கும் சேர்த்து நிழல் தருகிறது. முற்றம் வீட்டின் நடுவில் சூடான காற்று மேலேறிப் போக ஒரு புகைபோக்கி. மெட்ராஸ் டெரஸ் என்று பொறியாளர்கள் எழுதுகிற பழைய மச்சு இன்னொரு சாதனை. தேக்கு விட்டங்களின் மேல் சின்னச் செங்கல்லைக் குத்துவாக்கில் சாய்வாக அடுக்கி, செங்கல்ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் தட்டித் தட்டி இறுக்கிய தளம். மேலே வழவழப்பான தட்டோடு. இன்டாக் நிறுவனம் வைசியர் தெருவில் வீட்டு முகப்புகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்ததற்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. நல்லது. ஆனால் தெருவின் பெயரையே பாருங்கள், யாருடைய வீடுகள் அவை என்று அதுவே சொல்லும். முற்றம் வைத்துக் கட்ட மனை இருந்தவன், பர்மாத் தேக்குக்குக் காசு இருந்தவன், தளம் தட்டக் கூலிக்கு ஆள் இருந்தவன். குப்பத்திலும் சேரியிலும் இருந்தவன் வீட்டில் முற்றம் இல்லை. அவன் தலைக்கு மேல் கீற்று. கீற்று குளிர்ச்சிதான், எந்தப் பொறியாளரும் அதைவிட நல்ல வெப்பத்தடையை இத்தனை மலிவாகத் தர முடியாது. ஆனால் அது எரியும். ஒழுகும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். 2011 டிசம்பர் 30ஆம் தேதி விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது கீற்றும் தகரமும் பறந்தன. தளம் போட்ட வீடுகள் நின்றன. அன்றைக்குத் தளத்தின் கீழ் நின்று பிள்ளைகளைக் காப்பாற்றியவரிடம் போய், உங்கள் பாட்டனின் குடிசை எவ்வளவு குளிர்ச்சி தெரியுமா என்று பேசுவதற்கு ஒரு தனித் தடித்தனம் வேண்டும்.

கான்கிரீட் பரவியதற்கு இந்த மானம் ஒரு காரணம். மற்ற காரணங்கள் கணக்குப் புத்தகத்தில் இருக்கின்றன. 1942இல் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்ததும் பர்மாத் தேக்கு வரத்து நின்றது. தேக்கு இல்லாமல் பழைய மச்சு இல்லை. முப்பதுகளிலேயே மதுக்கரையிலும் டால்மியாபுரத்திலும் சிமென்ட் ஆலைகள் வந்துவிட்டிருந்தன. ஆனாலும் சுதந்திரத்துக்குப் பிறகு நெடுங்காலம் சிமென்ட் பர்மிட் சரக்கு. மூட்டைக்கு மனுப்போட்டுக் காத்திருந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். 1982இல் கட்டுப்பாட்டைப் பாதி தளர்த்தினார்கள். 1989இல் முழுதாக எடுத்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் எங்கள் பக்கத்துத் தெருக்கள் காட்டுகின்றன. கொல்லத்துக்காரர் ஒருவரும் கம்பி கட்டுகிறவர் ஒருவரும் இருந்தால் எந்த மனையிலும் மூன்று மாதத்தில் தளம் போட்டுவிடலாம். வரைபடம் பக்கத்து வீடுதான். அதில் ஜன்னல் இருந்த இடத்தில் இதிலும் ஜன்னல். அந்த ஜன்னல் அந்த வீட்டின் சுவரைப் பார்க்கும். வீட்டின் முகம் வெயிலைப் பார்த்துத் திரும்பவில்லை, தெருவைப் பார்த்தும் வாஸ்துவைப் பார்த்தும் திரும்பியது. இருபதுக்கு நாற்பது மனையில் கோல்கொண்டைக் கட்டு என்று ரேமண்டே வந்து சொன்னாலும் கட்ட முடியாது. தோட்டம் விட்டால் வீடு இல்லை.

நமக்குள்ள சமாச்சாரம் இங்கேதான் வருகிறது. கோல்கொண்ட் காகிதத்தில் வரையப்பட்ட அதே வருஷங்களில் சென்னையில் மணிக்கொடி நடந்துகொண்டிருந்தது. அதில் வந்த வடிவங்களுக்கும் பின்னால் ஒரு பார்வை இருந்தது. யாப்பை விட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. 1959இல் எழுத்து வந்தபோதும் அப்படியே. அப்புறம் யாப்பை விடுவது மட்டும் தனியாகக் கழன்று ஊரெல்லாம் பரவியது எல்லோருக்கும் தெரிந்த கதை. வரி உடைந்தது, உடைத்த காரணம் வந்து சேரவில்லை. கான்கிரீட்டுக்கும் அதே கதி. அலங்காரம் இல்லாத சமதளம், நேர்க்கோடு, தட்டைக் கூரை எல்லாம் வந்துவிட்டன. எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்ற கேள்வி வரவில்லை. ஒப்புமையை இதற்கு மேல் இழுக்க மாட்டேன். கவிதை மோசமாக இருந்தால் யாருக்கும் வியர்க்காது.

கருவடிக்குப்பத்தில் குயில் தோப்பு இருக்கிறது. பாரதி 1908இலிருந்து 1918வரை புதுச்சேரியில் இருந்த காலத்தில் வந்துபோன தோப்பு. குயில் பாட்டோடு சேர்த்துச் சொல்லப்படுகிற இடம். சித்தானந்த சுவாமி கோயிலும் இங்கேதான். தோப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாம் குயிலைப் பற்றி எழுதுகிறார்கள், சக்தியைப் பற்றி எழுதுகிறார்கள். எனக்குத் தோன்றுவது எளிய விஷயம். நகரத்துக்குள் சந்து வீட்டில் குடியிருந்த ஒரு மனிதர் வெயில் நேரத்தில் ஒரு மாந்தோப்பைத் தேடி வந்திருக்கிறார். அன்றைய ஏழை வீட்டுக்கும் பணக்கார வீட்டுக்கும் பொதுவான ஒரே குளிர்சாதனம் ஊருக்கு வெளியே இருந்த தோப்பு. வீட்டின் சூட்டுக்கு வீடு மட்டும் விடை சொல்ல வேண்டியதில்லாமல் இருந்தது. தோப்புகள் மனைகளாகப் பிரிந்ததும் அந்தப் பொறுப்பு முழுக்க நான்கு சுவர்களின் மேல் வந்து விழுந்தது. சுவர்கள் அதைச் சுவிட்சிடம் ஒப்படைத்தன.

முதலில் விசிறி, பிறகு ஏ.சி. ஏ.சி. யந்திரம் சூட்டை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. என் அறையிலிருந்து எடுத்ததை, தான் தின்ற மின்சாரத்தின் சூட்டையும் சேர்த்து, மூன்றடிச் சந்தில் கொட்டுகிறது. சந்துக்கு அந்தப் பக்கம் இருப்பவர் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தானும் ஒரு யந்திரம் வாங்குகிறார். கோல்கொண்டில் ஒருவர் தன் அறையைக் குளிர்வித்துக்கொள்வதால் பக்கத்து அறைக்காரருக்குச் சூடு கூடுவதில்லை. காற்று அவருக்கும் போகிறது. கட்டடத்தில் தார்மிகம் என்று ஒன்று இருந்தால் அது இந்த மாதிரி இடத்தில்தான் இருக்கும், முகப்பில் எழுதிவைக்கும் வாசகத்தில் அல்ல. அதே சமயம் கோல்கொண்ட் தன் வாசிகளிடம் ஒன்றைக் கேட்கிறது. மழை வருகிறதா, பலகையைத் திருப்பு. வெயில் சாய்கிறதா, இதைச் சாத்தி அதைத் திற. யாராவது எழுந்து போய்ச் செய்ய வேண்டும். ஆசிரம ஒழுங்குக்கு அது பழக்கம். எட்டு மணி நேரம் கடையில் நின்றுவிட்டு வருகிறவரிடம் அதைக் கேட்க முடியுமா என்று எனக்குச் சந்தேகம்தான். சுவிட்சுக்கு ஜெயம் கிடைத்ததில் சோம்பேறித்தனத்தைவிடக் களைப்புக்கே அதிகப் பங்கு.

அரசாங்கமும் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறது. 2018இல் மத்திய மின்துறை அமைச்சகம் குடியிருப்புகளுக்கென்று எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்று ஒரு விதித்தொகுப்பை வெளியிட்டது. கூரை நீங்கலான சுவர், ஜன்னல் வழியாக உள்ளே வரும் சூடு சதுர மீட்டருக்கு 15 வாட்டுக்கு மேல் போகக்கூடாது. கூரைக்குத் தனி வரம்பு. எங்களைப் போன்ற வெக்கையும் ஈரமும் சேர்ந்த ஊர்களில் திறக்கக்கூடிய ஜன்னல், தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். அறிவுள்ளவர்கள் எழுதியது என்று படித்தாலே தெரிகிறது. அது பொருந்துவது 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனைகளுக்கு. எங்கள் தெருவில் அந்த அளவு மனை எதுவும் இல்லை. இருபதுக்கு நாற்பது என்றால் 75 சதுர மீட்டர்கூடத் தேறாது. ஆக, கருவடிக்குப்பத்து வீட்டைப் பொறுத்தவரை சட்டமும் கோல்கொண்டைப் போலவே மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

ஆனால் மொட்டை மாடிகளைப் பார்த்துக்கொண்டே போனால் வேறொன்று தெரிகிறது. கட்டி முடிந்த வீட்டைத் திருப்பிவைக்க முடியாது. மேற்கே பார்த்த சுவர் மேற்கேதான் பார்க்கும். மிஞ்சி இருக்கிற ஒரே இடம் மேலே. நேர் தலைக்கு மேல் வெயில் நிற்கிற ஊரில் நாள் முழுக்க அடி வாங்குவது கூரைதான். ஆகவே அங்கே செய்வதற்குத்தான் பலன் அதிகம். சிலர் பங்குனியிலேயே தளத்துக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுகிறார்கள். வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பும், செலவு சொற்பம், மழைக்காலம் முடிந்ததும் மறுபடி அடிக்க வேண்டும். குளிர்ச்சி ஓடு என்று வெள்ளை ஓடு பதிக்கிறவர்களும் உண்டு. மண்சட்டிகளைக் கவிழ்த்து அடுக்கி மேலே கலவை பூசியும் பார்த்திருக்கிறார்கள். சட்டிக்குள் அடைபட்ட காற்று சூட்டை மறிக்கிறது. இவற்றையெல்லாம்விட அதிகமாகக் கண்ணில் படுவது கொட்டகை. நான்கு இரும்புக் குழாய், மேலே தகரமோ சிமென்ட் ஷீட்டோ, சுற்றிலும் திறப்பு. துணி உலர்த்த, வடகம் காயவைக்க, பையன்கள் படிக்க, விசேஷத்துக்குப் பந்தி போட என்று சொல்லித்தான் போடுகிறார்கள். போட்ட பிறகுதான் கீழ் அறையில் இரவு விசிறிக் காற்று சூடாக இல்லை என்பது தெரிகிறது. வாடகைக்குக் கேட்டு வருகிறவர்கள் இப்போது மேலே கொட்டகை இருக்கிறதா என்று விசாரிக்கிறார்கள்.

வெயிலை ஏற்க ஒரு மேல் கூரை, காற்று ஓட ஓர் இடைவெளி, நிழலில் ஒரு கீழ்த்தளம். கோல்கொண்டின் இரட்டைக் கூரை இதுதான். வளைந்த மெல்லிய ஓட்டுக்குப் பதில் அலையலையான தகடு, ஹார்பகான் பட்டறைப் பித்தளைக்குப் பதில் துருப்பிடித்த ஜே-போல்ட். கோல்கொண்டின் பலகையும் இந்த ஷீட்டும் ஒரே ஜாதி ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் என்பதையும் சொல்ல வேண்டும். உடைந்தால், அறுத்தால், அதன் நார் நுரையீரலில் போய்த் தங்கிப் புற்றுநோய் வரை கொண்டுவிடும் என்பது 1937இல் கட்டினவர்கள் கணக்கில் இல்லை, இன்று தெளிவாகத் தெரியும். பல நாடுகள் தடை செய்துவிட்டன, இங்கே இன்னும் கடையில் கிடைக்கிறது. தகரம் போடுகிறவர்களுக்கு அந்தப் பயம் இல்லை, ஆனால் மழைச் சத்தம் உண்டு. எங்கள் தெருக் கோடியில் உள்ள கொட்டகையில் மேற்குப் பக்கம் மட்டும் ஒரு பழைய தார்ப்பாயைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். மற்ற மூன்று பக்கமும் திறந்தே இருக்கிறது. ஆடி மாதக் காற்றுக்குத் தகடு தூக்கிக்கொண்டு போகாமலிருக்க மேலே செங்கல் அடுக்கியிருக்கிறது.